சுங்கை சிப்புட்டில் மேனுவல் கார் பழகினேன்: எங்கள் ஊர் வாகனமோட்டும் பள்ளி பற்றிய மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே, பழைய கூட்டரசுச் சாலையின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் சுங்கை சிப்புட். டவுனைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். தோட்டத்து வீட்டிலிருந்து கடைக்கு வரவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போகவும் சொந்த வண்டி இல்லாமல் முடியாது என்பதை இங்கே வாழ்கிறவர்கள் அறிவார்கள். என் கணவர் ஜொகூரில் வேலை செய்கிறார். மாதம் ஒருமுறை வருவார். வீட்டு வாசலில் 2011-ஆம் ஆண்டின் பெரோடுவா வீவா ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது மேனுவல் கார், அதாவது கிளட்ச்சை மிதித்து நாமே கியர் மாற்றும் கார். அம்மாவின் கண் சிகிச்சைக்கு மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஈப்போ போகவேண்டிய நிலை வந்தபோது, 38 வயதில், அந்தக் காரை நானே ஓட்டுவது என்று முடிவெடுத்தேன்.

நான் பழகிய பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. நிறைகளோடு குறைகளையும் எழுதப்போகிறேன். நான்கு மாத அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரு பெயரின் மேல் குறை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மேனுவல் பழகப் போகிறவர்கள், அதிலும் என்னைப்போல் வயது கடந்து பழகப் போகிறவர்கள், ஒரு பள்ளியில் எதைப் பார்த்துச் சேரவேண்டும், எதைக் கேட்டுச் சேரவேண்டும் என்பதை விரிவாக எழுதுவது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் எந்த உரிமம் என்ற கேள்வி. நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டிலிருந்து கார் உரிமம் இரண்டு வகையாக இருக்கிறது. 'டி' என்றால் மேனுவல், ஆட்டோ இரண்டையும் ஓட்டலாம். 'டிஏ' என்றால் ஆட்டோ மட்டும்தான். பள்ளியின் கவுண்டரில் இருந்த பெண்மணி, "அக்கா, டிஏ எடுத்தா சீக்கிரம் முடியும்" என்று அக்கறையோடுதான் சொன்னார். அலுவலகத்தில் உடன் வேலை செய்கிறவர்களும் அதையேதான் சொன்னார்கள். நகரத்தில் புதிய ஆட்டோ கார் வாங்கப் போகிறவருக்கு அது சரியான ஆலோசனையாக இருக்கலாம். தோட்டப்புறத்தில் நிலைமை வேறு. இங்கே அண்ணன் தம்பி வீட்டில் நிற்பது பழைய கான்சில், வீவா, கம்பெனி கொடுத்த பிக்கப், கடைக்காரரின் வேன். இவற்றில் பெரும்பாலானவை இன்னும் மேனுவல்தான். நள்ளிரவில் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து, கையில் கிடைத்த சாவி மேனுவல் காரின் சாவியாக இருந்தால், டிஏ உரிமம் வைத்திருப்பவர் சட்டப்படி அதைத் தொட முடியாது. லாரி உரிமம்வரை போக நினைக்கும் தம்பிகளுக்கும் முதற்படி 'டி'தான். ஆகவே வீட்டில் மேனுவல் கார் இருக்கிற எவரும் 'டி' எடுப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

கட்டணமாக 1,850 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். மூன்று தவணையில் வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கொடுத்தார்கள். தேர்ச்சிக்கென்று தனியாகப் பணம் கொடுக்கும் பேச்சு தொடக்கத்திலிருந்து கடைசிவரை எழவே இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன், ஏனென்றால் பதியப் போகும்போது எனக்கிருந்த அச்சங்களில் அதுவும் ஒன்று.

வகுப்பறைப் பாடமும் கணினித் தேர்வும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 50 கேள்விகள், 42 சரியாக இருக்கவேண்டும். கையேட்டை இரண்டு வாரம் ஒழுங்காகப் படித்தால் போதும். சாலைக் குறியீடுகளை மட்டும் மனப்பாடமாக இல்லாமல் புரிந்துகொண்டு படியுங்கள்; பின்னால் சாலையில் அவை கைகொடுக்கும்.

பள்ளியின் உண்மையான மதிப்பு, பழகுநருக்கான எல் உரிமம் வந்த பிறகுதான் தெரிந்தது. எனக்கு அமைந்த ஆசிரியர் அறுபதைத் தாண்டிய தமிழர். பள்ளிக்கு வருவதற்கு முன் பல ஆண்டுகள் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் அழைக்கிறார்கள். முதல் நாளே என் காலைப் பார்த்து, "தடிச்ச செருப்பு வேணாம் தங்கச்சி. பள்ளிக்கூடப் பிள்ளைங்க போடுற வெள்ளச் சப்பாத்து இருக்குல்ல, அத போட்டுட்டு வா. அடி மெலிசா இருந்தாத்தான் கால் பேசுறது கேக்கும்" என்றார். மறுநாள் என் மகளின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன்.

காரில் உட்கார வைத்ததும் அவர் செய்த முதல் காரியம், குளிர்சாதனத்தை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கியது. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே நீட்டிக் காட்டினார். ஒரு கை சுழன்றுகொண்டே இருந்தது, அது என்ஜின். மற்றது அசையாமல் நின்றது; அது சக்கரத்துக்குப் போகும் கியர்பெட்டி. கிளட்ச்சை மிதித்திருக்கும்போது இரண்டு தட்டும் பிரிந்திருக்கும், விடும்போது ஒன்றையொன்று உரசி, முதலில் வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டு ஒன்றாகச் சுற்றும் என்று கையாலேயே காட்டினார். ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800, 900 சுற்றுதான் சுற்றுகிறது. நின்றிருக்கும் காரின் எடையைத் திடீரென்று அதன் தலையில் கட்டினால் அது மூச்சடைத்து நின்றுபோகும். ஆகவே வழுக்குகிற அந்தச் சிறிய இடைவெளியைக் காலால் நீட்டிக்கக் கற்பதுதான் மேனுவல் ஓட்டுவதன் முதற்பாடம். இதை ஐந்து நிமிடத்தில் எனக்கு விளங்கவைத்தார். கார் ஏன் உதறுகிறது என்று புரிந்தபின், உதறும்போது பயம் வரவில்லை. எந்தத் தவறைச் செய்தேன் என்றுதான் யோசிக்கத் தோன்றியது.

அடுத்த ஒரு மணி நேரம் முழுவதும் ஆக்சிலரேட்டர் பக்கம் காலே போகக்கூடாது என்றார். சமதரையில், முதல் கியரில், குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முன்பாதத்தை மட்டும் இம்மியிம்மியாகத் தூக்கவேண்டும். கண்ணை ஓரிடத்தில் நிறுத்திக் காதைக் கொடுக்கச் சொன்னார். என்ஜினின் ஓசை ஒரு படி இறங்கும்; கியர்த்தண்டின் குமிழ் உள்ளங்கையில் மெல்ல நடுங்கும்; பானெட்டின் நுனி ஒரு விரற்கடை உயர்ந்ததுபோல் இருக்கும். "அதான், அதான், அங்கயே நில்லு" என்பார். காலை அங்கேயே நிறுத்தி மூன்று எண்ணினால் கார் தானாகவே நகரத் தொடங்கும். உடனே மறுபடியும் மிதித்து நிறுத்தவேண்டும். இதையே திரும்பத் திரும்ப, ஏறக்குறைய நாற்பது முறை செய்தோம். அன்று மாலை வீட்டுக்குப் போனபோது இடது கெண்டைக்கால் வலித்தது. ஆனால் அந்த நடுக்கம் என் பாதத்துக்கு அத்துப்படியாகிவிட்டது. எத்தனையோ பேர் முதல் நாளே சாலையில் ஓட்டினோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காத எந்த ஆசிரியரையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கியர் மாற்றுவதிலும் அவர் மீட்டரைப் பார்க்க விடவில்லை. எந்த வேகத்தில் இரண்டாவது, எந்த வேகத்தில் மூன்றாவது என்று நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததை வாங்கி மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்ஜின் கத்தத் தொடங்கினால் மேல் கியர், முனகத் தொடங்கினால் கீழ் கியர். மேட்டில் ஏறும்போது ஓசை கனப்பதற்கு முன்பே ஒன்று குறைக்கவேண்டும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் கியரைக் குறைத்து என்ஜினையே காரைப் பிடித்துக்கொள்ள விடவேண்டும். கடைசியாகச் சொன்னதை அவர் சொன்ன விதம் வேறாக இருந்தது. நிறைபாரத்தோடு இறக்கத்தில் வந்த லாரிக்காரரின் அனுபவம் அதில் இருந்தது. கியர் மாற்றி முடித்ததும் இடது காலைக் கிளட்ச் மேல் ஓய்வாக வைத்திருக்கும் பழக்கம் எனக்கு வந்தபோது, ஒவ்வொரு முறையும் "கால்" என்று ஒரே சொல்லில் திருத்தினார். லேசாக மிதித்திருந்தாலும் தட்டு உரசிக்கொண்டே இருக்கும், காலத்துக்கு முன்பே தேய்ந்துவிடும் என்பதை அவர் விளக்கியபோது, அது மற்றொரு காரியத்தையும் எனக்குப் பின்னால் விளங்கவைத்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

மேடு ஏறும் பாடத்தைத் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் 'புக்கிட்' என்றே சொல்கிறோம். சோதனைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இதை நினைத்துத்தான் முந்திய இரவு தூங்குவதில்லை. சரிவில் மஞ்சள் கோடுகளுக்கு இடையில் முன்சக்கரம் நிற்கும்படி காரை நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் கிளம்பவேண்டும். அண்ணன் சொன்ன முறை எளியது. கைப்பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டு இரண்டு காலையும் அவசரப்படுத்தாமல் இருக்கவேண்டும். ஆக்சிலரேட்டரைச் சற்றே கொடுத்து அதே அளவில் பிடித்துக்கொண்டு, கிளட்ச்சைச் சமதரையில் பழகிய அதே நடுக்கம் வரும்வரை விடவேண்டும். அப்போது காரின் பின்புறம் ஒரு பிடி கீழே அமரும். கார் போகத் துடிக்கிறது, கைப்பிரேக் பிடித்து வைத்திருக்கிறது என்று உடம்புக்கே தெரியும். அந்த நொடியில் கைப்பிரேக்கை இறக்கினால் கார் பின்னால் போக வழியே இல்லை. முதல் முறை அது நடந்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. கிளட்ச்சாலேயே காரை மேட்டில் தாங்கி நிற்பதை அவர் கண்டிப்பாக விடமாட்டார். கருகிய வாடை வந்தால் அது பணம் எரியும் வாடை என்பார்.

பார்க்கிங்கும் மூன்று முனைத் திருப்பமும் கம்பங்களைக் குறிவைத்துப் பழகும் பாடங்கள்; எந்தக் கம்பம் எந்தக் கண்ணாடியில் தெரியும்போது எவ்வளவு திருப்புவது என்று எல்லாப் பள்ளிகளிலும் சொல்லிக்கொடுப்பதுதான். மெதுவாகப் போனால் வந்துவிடும். பானெட்டைத் திறந்து எண்ணெய், ரேடியேட்டர் நீர், பிரேக் எண்ணெய், பேட்டரி என்று காட்டிச் சொல்லும் சோதனைக்கு மட்டும் மலாய்ச் சொற்களை வாய்விட்டுப் பழகிக்கொள்ளுங்கள். அண்ணன் ஒவ்வொன்றையும் தமிழில் விளக்கி, எதற்கு அந்தப் பொருள் என்று சொல்லி, பிறகு மலாயில் சொல்ல வைத்தார். வெறும் பாடமாக இல்லாததால் இன்றும் வாரம் ஒருமுறை வீட்டில் நானே பானெட்டைத் திறந்து பார்க்கிறேன்.

இனி குறைகள். முதலாவது, காத்திருப்பு. பள்ளியின் வேன் காலை ஏழரைக்கு வந்து ஏற்றிக்கொள்ளும். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு காருக்கு நான்கு பேர் என்று பிரித்துவிடுவதால், நான்கு மணி நேரம் அங்கே இருந்தால் ஸ்டீரிங்கில் கை வைப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. எஞ்சிய நேரமெல்லாம் தகரக் கொட்டகையின் கீழ் உட்கார்ந்திருக்கவேண்டும். மழை பிடித்துக்கொண்டால் ஓட்டக் கிடைக்கிற அந்த நேரமும் போயிற்று. அரைநாள் விடுப்பு எடுத்து வருகிற தோட்டத் தொழிலாளிக்கு, கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிற எனக்கு, அந்த நேரம் சம்பளக் கணக்கில் வருவது. அட்டையில் எழுதப்படும் மணி நேரமும், காரை நாம் உண்மையில் ஓட்டிய மணி நேரமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. நான் நேரில் கேட்டேன். அதன்பிறகு வாரநாட்களில் காலை முதல் ஆளாக எனக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

இரண்டாவது குறை பெரியது. நான் பழகிய காரின் கிளட்ச் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு நாளும் புதிய கால்கள் மிதிக்கிற கார் என்பதால் அது இயல்பாக நடப்பதுதான். ஆனால் உரிய காலத்தில் மாற்றவேண்டும். கேபிள் கிளட்ச் உள்ள இத்தகைய சிறிய கார்களில் தட்டு தேயத் தேய, அது பிடிக்கிற இடம் மிதிக்கட்டையின் மேற்பகுதிக்கு ஏறிக்கொண்டே போகும். எங்கள் பயிற்சிக் காரில் காலை ஏறக்குறைய முழுவதும் எடுத்த பிறகுதான் பிடிக்கும். நான்கு மாதம் என் பாதம் அந்த உயரத்தையே கற்றுக்கொண்டது. எனக்கு அது அப்போது தெரியாது; எல்லாக் காரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

சோதனை நாள் நல்லபடியாகவே போயிற்று. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அதிகாரிகள் பள்ளித் திடலுக்கே வந்திருந்தார்கள். புக்கிட், பார்க்கிங், திருப்பம் மூன்றும் முதல் முயற்சியிலேயே முடிந்தன. சாலைச் சோதனையில் ஒரு முச்சந்தியில் பழக்குலை லாரி ஒன்றுக்கு வழிவிட்டுக் கிளம்பும்போது கார் நின்றுபோனது. பிரேக், கிளட்ச், கைப்பிரேக், நியூட்ரல், சாவி என்று அண்ணன் பழக்கிய வரிசையிலேயே செய்து மீண்டும் கிளம்பினேன். பக்கத்தில் இருந்த அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. திடலுக்குத் திரும்பியதும் தாளில் எழுதிவிட்டு "லூலுஸ்" (தேர்ச்சி) என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு என் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அதே வாரத்தில் வீட்டு வாசலில் வீவாவில் ஏறி உட்கார்ந்தேன். பத்து மீட்டர் நகர்த்துவதற்குள் ஏழு முறை நின்றுபோனது. கணவர் அதற்கு முந்திய ஆண்டுதான் கிளட்ச் தட்டை மாற்றியிருந்தார். அதில் மிதிக்கட்டை தரையிலிருந்து இரண்டு விரல் எழுந்தாலே பிடித்துவிடும். நானோ அந்த இடத்தை வேகமாகத் தாண்டி, பழகிய உயரத்துக்குக் காலைக் கொண்டுபோனேன். காரும் ஒவ்வொரு முறையும் குதித்து நின்றது. இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அன்று மாலையே தோட்டத்துக்கு வந்துவிட்டார். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. வீவாவைச் சமதரையில் நிறுத்தச் சொல்லி, "முதல் நாள் பாடம், மறுபடியும்" என்றார். ஆக்சிலரேட்டர் இல்லாமல், கண்ணாடியை இறக்கி, காதைக் கொடுத்து. இருபது நிமிடத்தில் புதிய இடத்தைக் கால் கண்டுபிடித்துவிட்டது. இடத்தை மனப்பாடம் செய்யாதே, ஓசையைத் தேடு என்று அவர் அப்போது சொன்னதற்குப் பிறகு, இதுவரை என் தம்பியின் கான்சிலையும் அலுவலகத்தின் பிக்கப்பையும் முதல் முறையிலேயே நகர்த்தியிருக்கிறேன்.

இந்தக் குறையைத் தவிர்க்கச் சேருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்யலாம். பயிற்சிக் காரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இறுக இழுத்து, முன்னால் யாரும் இல்லாமல் பார்த்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடும்படி ஆசிரியரைக் கேளுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே நின்றுபோகும். நிற்காமல் இழுத்துக்கொண்டே ஓடினால் தட்டு வழுக்குகிறது என்று பொருள். வேறு கார் கேளுங்கள். அண்ணன்தான் இந்தச் சோதனையை எனக்குக் கற்றுக்கொடுத்தார். தம் பள்ளியின் கார் அதில் தோற்கும் என்று தெரிந்தும் கற்றுக்கொடுத்தார்.

ஆகவே என் மதிப்பீடு இதுதான். ஆசிரியருக்காக மட்டுமே நான் இந்தப் பள்ளியைப் பரிந்துரைப்பேன். கார்களுக்காகவும் நேர ஒழுங்குக்காகவும் பரிந்துரைக்கமாட்டேன். தமிழில் விளக்கம் வேண்டுகிறவர்கள், குறிப்பாக நாற்பதை நெருங்கிய அக்காமார், பதியும்போதே எந்த ஆசிரியர் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளிகள் பெரும்பாலும் யார் சும்மா இருக்கிறாரோ அவரிடம்தான் அனுப்பும். பழக்கமான காரில் தேர்ச்சி பெற்றதும் பள்ளியில் இருக்கும் வேறொரு காரையும் அரைமணி நேரம் ஓட்டத் தரும்படி கேளுங்கள். கூடுதலாகப் பணம் கேட்டாலும் அந்த அரைமணிக்குக் கொடுப்பது தகும்.

சென்ற மாதம் என் உடன்பிறந்த அண்ணனின் மகளைப் பதிய அழைத்துப் போயிருந்தேன். அவளுக்குப் 17 வயது முடிந்திருக்கிறது. அம்மாவையும் காரில் உட்கார வைத்து, வீவாவை நானே ஓட்டிக்கொண்டு போனேன். கொட்டகையில் ஆசிரியர் அண்ணன் இருந்தார். வெள்ளைக் காருக்குக் கிளட்ச் மாற்றிவிட்டார்கள், சாம்பல் நிறக் கார் இன்னும் பழையபடிதான் என்றார். கவுண்டரில் அவளுடைய அட்டையில் அண்ணன் பெயரையும், வெள்ளைக் காரின் எண்ணையும் எழுதச் சொல்லி, எழுதும்வரை நின்று பார்த்துவிட்டு, பிறகுதான் முதல் தவணையைக் கட்டினேன்.